ஊசிக்கு முன் கத்தரிக்கோல்

கர்னி வீர் கிராமத்தில் நான்கு சாலைகள் கூடும் இடத்தில் பெர்சிதாவின் ரொட்டிக்கடை இருக்கிறது. கணவன் திஹோமிர் இறந்தபோது அவளுக்கு இரண்டு சொத்துகள் வந்து சேர்ந்தன. ஒன்று அந்தக் கடை, இன்னொன்று கூமா என்ற பதவி. கடையை விற்றாலும் விற்பாளே தவிர பதவியை விடமாட்டாள்.

கூமா என்றால் ஞானத்தாய் என்று சொல்லலாம், ஆனால் அது பாதிதான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடுதான் கூமா வீடு. அது பரம்பரையாக வருவது. ஸ்ரெதென் என்பவனின் வீட்டில் யார் பிறந்தாலும் பெயர் வைப்பதும், தேவாலயத்தில் கையில் ஏந்துவதும், கல்யாணத்தில் பக்கத்தில் நிற்பதும் திஹோமிர் வீட்டார்தான். பிள்ளைக்கு என்ன பெயர் என்பதே ஞானஸ்நானத்தன்றுதான் பெற்றவளுக்குத் தெரியவரும். கூமா சாபம் விட்டால் அந்த வீடு பட்டுப்போகும் என்பார்கள். அதனால் கூமா சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. இப்படி ஓர் அதிகாரத்தை இப்படி ஒருத்தியிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று எவனும் யோசிக்கவில்லை.

பெர்சிதா கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் ஊர் எச்சரிக்கையாக இருந்திருக்கும். கடன் கேட்டவனுக்கு ரொட்டி கொடுப்பாள், வயதானவர்களுக்குச் சூடாக வீட்டுக்கே அனுப்புவாள். ஆனால் தான் செய்வதை நாலு பேர் பார்க்க வேண்டும் அவளுக்கு. ஸ்ரெதெனுக்கும் நெவேனாவுக்கும் அவள்தான் முன்னின்று கல்யாணம் செய்துவைத்தாள். அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் வுகன் என்று பெயர் வைத்தாள். ஸ்ரெதென் வியன்னாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஆகவே அந்த வீட்டில் எதைச் சமைப்பது, பிள்ளைக்கு எத்தனை ஸ்வெட்டர் போடுவது என்பதுவரை கூமா ராஜ்யம்தான்.

தடுப்பூசிக்கு எதிரானவள் என்று அவளை நினைத்துவிடக் கூடாது. அவள் சிறுமியாக இருந்தபோது நாட்டுக்குள் பெரியம்மை நுழைந்துவிட்டது. சாலைகளை மறித்தார்கள், ஊர் முழுவதும் பள்ளிக்கூட முற்றத்தில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டது. அந்தத் தழும்பு அவள் இடது தோளில் இன்றைக்கும் இருக்கிறது. கைபேசியில் எதையோ படித்துவிட்டு ஊசி வேண்டாம் என்று எவளாவது கடையில் வந்து பேசினால், சட்டைக் கையை ஏற்றித் தழும்பைக் காட்டுவாள்.

"இது இல்லன்னா இன்னிக்கு நீ யார்கிட்ட ரொட்டி வாங்குவ? போடி, போய்ப் பிள்ளைக்கு ஊசியைப் போட்டுட்டு வந்து பேசு" என்பாள்.

அப்படிப்பட்டவள்தான்.

வுகனுக்கு ஒரு வயது முடிந்தது. எங்கள் வழக்கப்படி பிள்ளையின் முதல் முடியைக் கூமாதான் வெட்ட வேண்டும். அதற்கு முன் வேறு யாருடைய கத்தரிக்கோலும் அந்தத் தலையில் படக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு (எங்களுக்கு அது ஜனவரி ஏழாம் தேதி) வருவார்கள் என்பதால், பண்டிகைக்கு மறுநாள் விருந்து என்று பெர்சிதா முடிவு செய்தாள். ஊர் மண்டபத்தைப் பிடித்தாள். மேளக்காரர்களுக்குச் சொன்னாள். முழுப் பன்றியை நெருப்பில் வாட்டுகிறவனைப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தாள்.

தட்டம்மை ஊசிக்கும் வயது ஒன்றுதான். டிசம்பர் கடைசியில் நெவேனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்து மருத்துவ நிலையத்துக்குப் போனாள். கார் ஓட்டியவள் பெர்சிதா. கார் ஓட்டினால் உள்ளேயும் வருவாள், உள்ளே வந்தால் பேசுவாள்.

அங்கே குழந்தை மருத்துவர் ஸ்மில்யா. பல வருடம் ஆப்பிரிக்காவில் தட்டம்மை ஊசி போடும் குழுக்களோடு அலைந்தவள். இப்போது முட்டிவலி வந்து ஊர் திரும்பிவிட்டாள். மரியாதையாகப் பேசவும் அங்கேயே மறந்துவிட்டு வந்தாள் என்று ஊரில் சொல்வார்கள்.

"நல்லா இருக்கான். இன்னிக்கே போட்டுடலாம். பெல்கிரேட்ல பிள்ளைங்க வார்டு பூரா தட்டம்மைதான்" என்று சொல்லிக் குளிர்பெட்டியைத் திறந்தாள் மருத்துவர்.

"இன்னிக்கு வேண்டாம் டாக்டரம்மா" என்றாள் பெர்சிதா. "பண்டிகை முடியட்டும்."

"ஏன்?"

"இந்த ஊசி போட்டா ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல் வரும். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, தெரியும். கரெக்டா முடி வெட்டுற அன்னிக்கு வந்து நிக்கும். வியன்னாலேர்ந்து அத்தனை பேர் வராங்க. பிள்ளை மூக்கு ஒழுகிட்டு அழுதுகிட்டே கிடந்தா போட்டோ எப்படி இருக்கும்?"

மருத்துவர் கையில் மருந்துக் குப்பி இருந்தது. அதை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

"காங்கோல பொம்பளைங்க முதுகுல ஒண்ணு, இடுப்புல ஒண்ணுன்னு தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டி வருவாங்க. விடியக்காலைல கிளம்பினா மத்தியானம் வந்து சேருவாங்க. நாங்க போற ஜீப் சேத்துல மாட்டிக்கிட்டா அவங்களே வந்து தள்ளுவாங்க. ஏன்னு தெரியுமா? போன மழைக்குப் புதைச்ச பிள்ளைங்க அவங்க கண்ணுலயே நிக்குது. இங்க யாரும் புதைச்சு ரொம்ப நாளாச்சு. அதான் போட்டோ பெருசாத் தெரியுது."

"அது காங்கோ டாக்டரம்மா. இங்க ஆஸ்பத்திரி இருக்கு, மருந்து இருக்கு. ரெண்டு வாரத்துல என்ன ஆயிடப்போகுது?"

"நீங்க பிள்ளைக்கு அம்மாவா?"

"நான் கூமா."

"நான் அம்மாவைக் கேட்டேன்."

நெவேனாவுக்கு இருபத்துநாலு வயது. மாமியாருக்குப் பயப்படாதவள், புருஷனுக்குப் பயப்படாதவள். அவள் பிள்ளையின் காலுறையைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"கூமா சொல்றபடியே இருக்கட்டும் டாக்டர். பண்டிகை முடிஞ்சதும் நானே தூக்கிட்டு வந்துடுறேன்."

மருத்துவர் குப்பியைக் குளிர்பெட்டியில் திரும்ப வைத்தாள். பண்டிகைக்குப் பின் ஒரு வியாழக்கிழமைக்கு வரச் சொன்னாள். திரும்பும் வழியில் பெர்சிதா காரில் பாட்டு போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பண்டிகைக்குப் பெர்சிதாவின் மகள் பில்யானா வியன்னாவிலிருந்து வந்தாள். கூடவே அவள் மகள் லேயா, ஒன்பது வயது. விருந்தன்று காலையில் லேயாவுக்கு உடம்பு கொதித்தது. கண் சிவந்து நீர் வடிந்தது. வறட்டு இருமல் வேறு.

"அம்மா, இவ வீட்லயே இருக்கட்டும். நானும் கூட இருக்கேன்" என்றாள் பில்யானா.

"அழகாத்தான் இருக்கும். கூமா வீட்டு மேசைல ரெண்டு நாற்காலி காலியாக் கிடக்கும், ஊர் வாயைப் பொத்திக்கிட்டா இருக்கும்? முடி ஏந்துற தட்டை யாரு பிடிக்கிறது? நம்ம வீட்டுப் பிள்ளைதான் பிடிக்கணும்."

"காய்ச்சல்மா."

"சளி. பனியில பத்து மணி நேரம் கார்ல வந்திருக்கா. ஒரு ஸ்பூன் சிரப் குடு, முகத்தைக் கழுவி விடு, சரியாயிடும்."

லேயா தட்டைப் பிடித்தாள். வுகனை மடியில் வைத்துக்கொண்டு பெர்சிதா நான்கு பக்கமும் சிலுவைக்குறி போல முடியை வெட்டித் தட்டில் போட்டாள். பிள்ளை அழவே இல்லை. லேயாவின் சடையைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். அவள் இருமினாள், மூக்கைத் துடைத்தாள், குனிந்து அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எல்லாரும் அதைப் படம் பிடித்தார்கள். பெர்சிதா ஆசைப்பட்டபடியே படம் நன்றாக வந்தது.

விருந்து முடிந்த நான்காம் நாள் பில்யானா வியன்னாவிலிருந்து கூப்பிட்டாள். பெர்சிதா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, லேயாவுக்கு உடம்பெல்லாம் சிவப்பா தடிச்சிருக்கு. டாக்டர்கிட்ட போனேன். தட்டம்மையாம்."

பெர்சிதா மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"அவளுக்கு நீ ஊசி போடலையா?"

மறுமுனையில் லேயா இருமுவது கேட்டது.

"ஏன்டி, எந்தக் கைபேசில எவன் சொன்னான்னு விட்டே?"

"அப்புறம் திட்டிக்கோம்மா. வுகனுக்குப் போட்டாச்சா, அதைச் சொல்லு."

"வியாழக்கிழமை போடறதா இருக்கு."

"ஐயோ. அம்மா, நல்லாக் கேளு. ஒட்டினதுலேர்ந்து ஆறு நாளுக்குள்ள பிள்ளைக்கு வேற ஒரு மருந்து ஏத்தலாமாம். ஏத்தினா வராமலே போகலாம், வந்தாலும் லேசாப் போயிடுமாம். அக்கம்பக்கத்துல கைக்குழந்தை இருந்தா உடனே சொல்லுங்கன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னாங்க. நானே நெவேனாவுக்குப் போன் பண்றேன்."

"நீ பண்ணாதே. ரெண்டு தெரு தள்ளி இருக்கா, நான் போய்ச் சொல்றேன். கூமா நேர்ல சொல்றதுதான் முறை."

"இன்னிக்கே போ."

"போறேன்னு சொன்னேன்ல."

போகத்தான் போனாள். அதில் குறை சொல்ல முடியாது. சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் வழுக்காமல் நடந்து நெவேனாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். என் பேத்தி உன் பிள்ளைக்கு நோயைக் கொடுத்திருக்கலாம். காய்ச்சல் என்று தெரிந்தும் நான்தான் கூட்டி வந்தேன். ஊசியை நான்தான் தள்ளிப் போடச் சொன்னேன். மூன்று வாக்கியமும் ஒன்றன் பின் ஒன்றாக வரும்போது தாங்க முடியவில்லை. முதல் வாக்கியம் மட்டும் போதாதா என்று பார்த்தாள். முதலைச் சொன்னால் நெவேனா மற்ற இரண்டையும் தானே சொல்லிவிடுவாள்.

நெவேனாவின் சமையலறையில் இரண்டு அண்டை வீட்டுப் பெண்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க கூமா. இப்பத்தான் உங்க விருந்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாள் ஒருத்தி. "இந்த ஜில்லாலயே இப்படி ஒரு முடிவெட்டு நடந்ததில்ல."

வுகன் தரையில் மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். பெர்சிதாவைக் கண்டதும் எழுந்து, தள்ளாடி நடந்து வந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். அவள் குனிந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. ஒன்றும் ஒட்டவில்லை, ஒட்டியிருந்தால் இப்படி விளையாடுவானா என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டும் என்று அவள் விரும்பினாள், தோன்றிவிட்டது.

"நெவேனா, வியாழக்கிழமை வரைக்கும் ஏன்? நாளைக்கே ஊசி போட்டுட்டு வந்துடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

நெவேனா சிரித்துவிட்டாள். "அன்னிக்கு டாக்டர் கையில ஊசியோட நின்னாங்க, நீங்க விடல. இப்ப என்ன இவ்ளோ அவசரம் கூமா?"

"சும்மாதான்."

"அங்க மலை ரோடெல்லாம் பனி மூடிக் கிடக்கு. வியாழக்கிழமையே போவோம்."

"அதுவும் சரிதான்" என்றாள் பெர்சிதா. சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது, இறுக்கிக் கட்டியிருந்த எதையோ யாரோ அவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது. கேட்டாயிற்று, அவள்தான் வரவில்லை. காபியை ஊதி ஊதிக் குடித்தாள்.

மறுநாள் பில்யானா கூப்பிட்டுச் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றாள் தாய். அதற்கு மறுநாள் மறுபடியும் கோட்டை மாட்டினாள், வாசல்வரை போனாள், கடைக்கு ஆள் வந்தது, திரும்பிவிட்டாள். அத்தோடு ஆறாம் நாளும் கழிந்தது. இனிச் சொல்லிப் பயனில்லை என்றானதும் அவளுக்கு நல்ல பசி எடுத்தது. அன்று இரண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டாள். இதைச் சொல்லும்போது நா கூசுகிறது, ஆனால் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. காலையில் வுகனுக்கு உடம்பு சுட்டது. கண் கலங்கிச் சிவந்திருந்தது. ஊசிக்கு வந்த பிள்ளையை மடியில் போட்டு, மருத்துவர் ஸ்மில்யா வாயைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தாள். கன்னத்தின் உட்புறத்தில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். எடுத்து வைத்திருந்த குப்பியை மறுபடி குளிர்பெட்டிக்குள் வைத்தாள்.

"விருந்துல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருந்துச்சா?"

நெவேனா பெர்சிதாவைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகப்பட்டல்ல, நினைவுபடுத்தச் சொல்லித்தான் பார்த்தாள்.

"அத்தனை பேர் வந்தாங்க. யாருன்னு சொல்றது டாக்டரம்மா" என்றாள் பெர்சிதா.

இரண்டு நாள் கழித்துத் தடிப்பு காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பி முகம், மார்பு, கால் என்று இறங்கியது. அதற்குள் நுரையீரலில் சளி கட்டிவிட்டது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். ஸ்ரெதென் வியன்னாவிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தான், வேலைச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அம்மை கண்ட பிள்ளைக்குச் சிவப்பு போர்த்த வேண்டும் என்று பெர்சிதா ஒரு சிவப்புக் கம்பளி கொண்டு போனாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலி அதை வாங்க மறுத்துவிட்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டு நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆண்டவரே, இவனை விட்டுவிடு, நான் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டினாள். சொன்ன பிறகு விடு என்று வேண்டியிருக்கலாம். அப்போதும் அவள் முன்பணம் கொடுக்கத் தயாராக இல்லை.

ஒரு காலை, ஸ்ரெதெனும் நெவேனாவும் கீழே முகம் கழுவப் போயிருந்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் வெளியே வந்து பெர்சிதாவைக் கண்டு நின்றார்.

"பாட்டிங்களா?"

"கூமா."

"எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணோம்மா. பெத்தவங்ககிட்ட நீங்களே சொல்றீங்களா? உங்க வாயால கேட்டா கொஞ்சம் தாங்கிக்குவாங்க."

படியில் நெவேனா ஏறி வந்துகொண்டிருந்தாள். ஈர முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டே வந்தாள். பெர்சிதா எழுந்து போய் இரண்டாம் படியிலேயே அவளைப் பிடித்துச் சொன்னாள். இந்தச் செய்தியை அவள் தள்ளிப் போடவில்லை.

அடக்கத்தில் கூமா செய்ய வேண்டிய எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தாள். பெட்டிக்கு முன்னால் சிலுவையைப் பிடித்து நடந்தாள். இறந்தவர்களுக்கு வைக்கும் கோதுமையை வேகவைத்து, அரைத்த வாதுமைக் கொட்டையும் சர்க்கரையும் சேர்த்துத் தன் கையால் பிசைந்தாள். பெற்ற தாய்கூட இப்படி அழமாட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் அழுததில் பொய் இல்லை. அந்தப் பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது.

நாற்பதாம் நாள் சடங்குக்குப் பில்யானா வந்தாள். லேயா தேறி, மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். நெவேனாவின் சமையலறையில் பில்யானா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் பொண்ணாலதான் வந்துச்சுன்னு எனக்குத் தூக்கமே இல்ல நெவேனா. அம்மா வந்து சொன்னதும் உடனே மருந்து ஏத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன். அதுவும் கேக்கலையா?"

"எந்த மருந்து?" என்றாள் நெவேனா.

கோதுமைத் தட்டோடு பெர்சிதா வாசலில் நின்றாள். பில்யானா தாயைப் பார்த்தாள். நெவேனாவும் பார்த்தாள். முன்னறையில் பாதிரியார் தொண்டையைச் செருமினார். நெவேனா எழுந்து வந்து பெர்சிதா கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு போய் விருந்தாளிகளுக்கு ஒவ்வொரு கரண்டியாகப் பரிமாறினாள். ஸ்ரெதெனிடம்கூட அவள் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தால் கோடரியை எடுத்துக்கொண்டு போவான், பிள்ளையைப் போல அவனையும் இழக்க வேண்டிவரும் என்பது அவளுக்குத் தெரியும்.

வசந்தத்தில் மருத்துவர் ஸ்மில்யா குளிர்பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். விடுபட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி. பெர்சிதா கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போனாள். தயங்கிய தாய்மார்களைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வுகனைப் பார்த்தீங்கல்ல? அப்புறம் என்னடி யோசனை? நட."

மத்தியானத்துக்குள் வரிசை முற்றத்தைத் தாண்டி வேலிவரை நின்றது. வரிசையில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிச் சொன்னார்: "கூமான்னா இப்படி இருக்கணும். அந்தப் பிள்ளைக்குச் செய்ய முடியாததை ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் செய்றா." வேலிக்கு வெளியே நின்ற நெவேனா அதைக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடம் நெவேனாவுக்குப் பெண் பிறந்தது. பெர்சிதா ஞானஸ்நானச் சட்டை தைக்கக் கொடுத்தாள், பெயரும் யோசித்துவிட்டாள்.

எங்களிடம் இன்னொரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் பிள்ளை செத்தால், அடுத்த பிள்ளைக்குக் கூமாவை மாற்றலாம். அதற்குப் பிள்ளையை விடியற்காலையில் நாற்சந்தியில் வைத்துவிட்டு ஒளிந்து நிற்க வேண்டும். முதலில் அந்த வழியாக யார் வருகிறாரோ அவர்தான் புதுக் கூமா, ஆணாக இருந்தால் கூம். பிச்சைக்காரனாக இருந்தாலும் மறுக்கக் கூடாது. கூமா வீட்டுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதனால் அதை யாரும் செய்து பல காலம் ஆகியிருந்தது. ஸ்ரெதெனும் வேண்டாம் என்றுதான் சொன்னான். நெவேனா ஒரே பேச்சாகச் சொன்னாள்: "செத்தது நம்ம பிள்ளை. வழக்கம் இருக்கு. செய்றோம்."

ஊரில் நாற்சந்தி ஒன்றுதான். பெர்சிதா அடுப்பில் முதல் ரொட்டியை ஏற்றிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சாலை நடுவே ஒரு கூடை. கூடைக்குள் வெள்ளைப் போர்வை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்ததும் புரிந்தது: முதலில் போகிறவளை மறுக்கக் கூடாது. மாவுக் கையோடு, மேல்சட்டைகூட இல்லாமல் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

பேருந்து நிறுத்தத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து நெவேனா வெளியே வந்தாள். ஸ்ரெதென் சாலையின் மறுகோடியில், பேச்சு கேட்காத தூரத்தில் ஒளிந்திருந்தான்.

"அங்கயே நில்லுங்க."

"முதல்ல வந்தது நான் நெவேனா. மறுக்கக் கூடாது. அது முறை."

"அன்னிக்கும் கூமா நேர்ல சொல்றதுதான் முறைன்னு போன் பண்ண விடலையாம் நீங்க. பில்யானா சொன்னா. நீங்க வந்தீங்க. காபி குடிச்சீங்க. உங்க கப்பைக் கழுவினது நான்."

பெர்சிதா ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"இவளுக்கு ஊசி போட ஒரு வயசாகணும். அதுவரைக்கும் யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாதுன்னு நான்தான் பார்த்துக்கணும். ரோட்ல எங்களைப் பார்த்தா அந்தப் பக்கம் போயிடுங்க. எங்க பக்கத்துல வராதீங்க. போனீங்கன்னா நான் ஊர்ல யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். இவ அப்பன்கிட்டயும்."

பெர்சிதா எதிர்ப்பக்கம் போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் பழைய இரும்பு வாங்குகிறவனின் வண்டி, பழைய அடுப்பு, பழைய பேட்டரி என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே வந்தது. கூடையைக் கண்டு நிறுத்தினான். நாலு ஊர் சுற்றுகிறவன், அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட எங்கள் ஊரார் யாரும் போனதில்லை. நெவேனாவும் ஸ்ரெதெனும் அவன் கையை முத்தமிட்டுக் கூம் என்று அழைத்தார்கள். விஷயம் புரிந்ததும் அந்த ஆள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, துரு படிந்த கையைக் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். ஸ்தானா என்று பெயர் வைத்தான். கடைக்குள்ளிருந்து முதல் ரொட்டி கருகிய வாசனை வந்தது.

நெவேனா சொன்ன சொல்லைப் பெர்சிதா மீறவில்லை. நெவேனா பிள்ளையோடு வருவது தெரிந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். தேவாலயத்தில் கடைசி வரிசைக்குப் போனாள். ஒரு முறை மழையில் கடை வாசலிலேயே எதிர்ப்பட்டுவிட, சாக்கடைத் தண்ணீரில் இறங்கி நடந்தாள். பாவம், அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்தாலே வுகன் ஞாபகம் வந்துவிடுகிறது, அவ்வளவு பாசம் என்று ஊர் உச்சுக் கொட்டியது.

ஒரு வயது முடிந்த அன்றே ஸ்தானாவுக்கு ஊசி போட்டாயிற்று. அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது, இரண்டு நாளில் போனது. இரும்புக்காரக் கூம் அதற்கப்புறம்தான் சாவகாசமாக வந்து முடி வெட்டினான். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். தினமும் காலையில் ரொட்டிக்கடை வழியாகத்தான் போக வேண்டும். அவள் பை ஆடிக்கொண்டு வருவதைக் கண்டால் பெர்சிதா கூடையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, அந்தப் பக்கச் சுவரோடு ஒட்டி நின்று, பிள்ளை போகும்வரை தலையைத் திருப்பிக்கொள்கிறாள். வயது எழுபதை நெருங்குகிறது. குளிர்காலத்தில் அந்தச் சாலையைக் கடப்பது அவளுக்குச் சுலபமில்லை.

"அந்தக் கடைக்காரம்மா ஏம்மா என்னைக் கண்டா ஓடுறாங்க?" என்று ஸ்தானா ஒருநாள் கேட்டாள்.

"அவங்களுக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கும். நீ நட" என்றாள் நெவேனா.

பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று, இனிமேல் பக்கத்தில் வரலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரொட்டி வாங்கப் போகும்போது சொல்லலாம், தேவாலயப் படியில் சொல்லலாம், ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. நெவேனா இதுவரை சொல்லவில்லை.